மாடி ரூமுக்கு ஒரே வழி

லெத்திசியா அந்த மாடி ரூமை வரைஞ்சப்போ அது தனக்குத்தான்னு அவளுக்குத் தெரியாது. முத்தியால்பேட்டையில அந்தத் தெருவுல பாதிப் பேருக்குத் தெரியும். அவளைப் பெத்த அம்மாவுக்குத் தெரியும். தச்சு வேலைக்கு வந்த ஆசாரிக்குக்கூடத் தெரியும். பென்சிலைச் சீவிச் சீவி, கண்ணு எரிய உக்காந்து வரைஞ்ச பொண்ணு ஒருத்திக்கு மட்டும் தெரியாது. இந்த அநியாயத்தை எங்க போய்ச் சொல்ல!

லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு காலேஜ்ல இன்டீரியர் டிசைன் கடைசி வருஷம் படிக்கிறா. கடைசி வருஷத்துல கற்பனை வீடெல்லாம் செல்லாது. நிஜ வீடு, நிஜ மனுஷங்க, அவங்க கேக்கறதைக் கேட்டு வரைஞ்சு காட்டணும். அந்த வரைபடத்தை வெச்சுத்தான் பிரான்ஸ்ல, லியோன்ல, மேல்படிப்புக்கு இடம் கேக்கறதுன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணியிருந்தா. அம்மாகிட்ட இன்னும் வாயைத் திறக்கல. வாய் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போகும்.

அதுக்குக் காரணம் இருக்கு. அவ அப்பா ஜில்பேர் பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவர், போய்ச் சேர்ந்து நாளாச்சு. அம்மா மிரேய்க்கு அங்கிருந்து பென்ஷன் வருது. அண்ணனுங்க ஃபிராங்க், மத்தியோ ரெண்டு பேரும் படிக்கிறேன்னு போனாங்க, அங்கயே தங்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் மிரேய் டேப்லெட்டைச் சர்க்கரை டப்பா மேல சாய்ச்சு வெச்சு, பேரப்பிள்ளைங்களைப் பாத்துக் கையாட்டுவாங்க. திரையில அதுங்க ஒருக்கா சிரிக்கும், ஒருக்கா உறைஞ்சு நிக்கும். உறைஞ்சு நின்னாலும் இவங்க கையாட்டிக்கிட்டே இருப்பாங்க.

பாண்டிச்சேரியில பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கிற பொண்ணுன்னா என்னான்னு உங்களுக்குத் தனியா சொல்லணுமா? கட்டிக்கிறவனுக்கும் ஒரு நாள் பிரான்சுக்கு வழி திறக்கும். அதனால கறுப்பா சிவப்பா, சமைப்பாளா மாட்டாளான்னு ஒரு பய கேக்க மாட்டான். ஜாதகத்தை அப்புறமா பாத்துக்கலாம், முதல்ல பாஸ்போர்ட்டைப் பாக்கணும். லெத்திசியாவுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட்தான். அவளைக் கேட்டு யார் யாரோ வந்தாங்க, மிரேய் எல்லாருக்கும் காபியைக் குடுத்து அனுப்பிட்டாங்க. அம்மா நம்ம பக்கம்னு இவ நிம்மதியா இருந்தா.

"நிஜ வீடு வேணும் மமோன், ஒருத்தரும் கிடைக்கல"ன்னு ஒரு நாள் அம்மாகிட்டப் புலம்பினப்போ மிரேய் சொன்னாங்க: "முத்தியால்பேட்டைக் கார்குழலி மாடி எடுக்கறாங்களே, உங்க அப்பா வழில சொந்தம்தான். கேட்டுப் பாக்கட்டா?"

சொந்தத்துல பாதிப் பேர் சர்ச், பாதிப் பேர் கோயில். கார்குழலி கோயில் பக்கம். புருஷன் இல்ல, ஹரிகிருஷ்ணன்னு ஒரே பையன், டைல்ஸ் கடை வெச்சிருக்கான். மாடி எடுக்கறது அவனுக்குக் கல்யாணம் பண்ணத்தான். அந்த அம்மா குரலை உசத்தியே பேச மாட்டாங்க. லெத்திசியா அளவெடுக்க டேப்பை எடுத்துக்கிட்டுப் போறப்பெல்லாம் வாழைக்காய் பஜ்ஜி போட்டுத் தட்டோட குடுப்பாங்க. இவளும் நல்லவங்கன்னு நம்பித் தின்னா.

முதல் வரைபடத்துல மாடிக்கு வெளிப்பக்கமா ஒரு படி வெச்சிருந்தா. தெருப்பக்கம் பெரிய ஜன்னல்.

"வெளிப்படி வேணாம் கண்ணு"ன்னாங்க கார்குழலி. "வீட்டுப் பொண்ணு தெருவோட ஏறி இறங்கிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? ஹாலுக்குள்ளயே படி வெச்சிடு. நான் உக்கார்ற நாற்காலியை வாசப்படி ஓரமா போடு. அங்கேருந்து பாத்தா படி தெரியணும்."

"ஆன்ட்டி, புதுசா கல்யாணம் ஆனவங்களுக்குக் கொஞ்சம் தனியா இருந்தா..."

"தனியா இருந்து என்னா பண்ணப் போறாங்க? ஜன்னலும் வேணாம், ஏசி போடறோம்ல. அந்த இடத்துல பீரோ அடிச்சிடு."

இவ மல்லுக்கட்டிப் பாத்தா. அப்புறம் விட்டுட்டா. வீட்டுக்காரங்க மனசு கோணாம வேலை முடிக்கறதுக்கும் மார்க் இருக்கே! அடுத்தவ வீட்டுப் படிதானே, ஜன்னல்தானேன்னு ரப்பரை எடுத்து அழிச்சா. அழிச்ச இடத்துல சுவரை அழகா இழுத்தா.

இன்னொண்ணும் கேட்டாங்க. ஹால்ல சாமி மாடத்துக்குக் கீழ ஒரு ரகசிய அறை வேணுமாம். பூட்டு தெரியக் கூடாது, கைப்பிடி தெரியக் கூடாது. இவளுக்கு அது ரொம்பப் பிடிச்ச வேலை. பலகையில தாமரை வரிசை ஒண்ணு வரைஞ்சு, ஓரத்துப் பூவை அமுக்கினா திறக்கற மாதிரி பண்ணிக் குடுத்தா. "கெட்டிக்காரி"ன்னு கன்னத்தைத் தடவினாங்க கார்குழலி.

பீரோ மேல் தட்டுக்கு அளவு வேணும். "மருமக எவ்வளவு உயரம் இருப்பாங்க ஆன்ட்டி?"

"உன் உயரம்னு வெச்சுக்கோயேன்."

லெத்திசியா சுவத்துல முதுகைச் சாய்ச்சு நின்னா. கையைத் தூக்கி, விரல் தொட்ட இடத்துல பென்சிலால கோடு போட்டா. பக்கத்துல நின்ன ஹரிகிருஷ்ணன் போனைப் பாத்துக்கிட்டே "போன்ஷூர்"னு சொல்லிப் பழகிக்கிட்டு இருந்தான். என்னாத்துக்கு பிரெஞ்சு கத்துக்கறான்னு அப்பவாவது தோணியிருக்க வேணாமா? தோணல. அளவுல புத்தி போனா அவளுக்கு வேற எதுவும் கண்ணுல படாது.

பீரோ அடிச்சு முடிச்ச அன்னைக்குப் பாக்கப் போனா. அம்மாவாசை ஆசாரி உப்புத்தாள் தேய்ச்சுக்கிட்டு இருந்தார்.

"கையைத் தூக்கிப் பாரு பாப்பா, எட்டுதா? நாளைக்கு நீதான புழங்கப் போற."

"நான் எதுக்குண்ணா புழங்கறேன்?"

"என்னா தெரியாத மாதிரி கேக்குற? மருமவளே வந்து அளவு குடுக்கற வீட்டை நான் இப்பதான் பாக்கறேன்"னு சிரிச்சார் அவர். இவ மூஞ்சியைப் பாத்ததும் சிரிப்பை நிறுத்திட்டார். "அய்யய்யோ"ன்னு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டு மறுபடியும் தேய்க்க ஆரம்பிச்சார்.

லெத்திசியா அந்த ரூமைச் சுத்திப் பாத்தா. தேக்குப் பளபளன்னு இருந்துச்சு. ஜன்னல் இல்ல. கதவு ஒண்ணு. அதைத் திறந்தா படி, படி இறங்கினா ஹால், ஹால் கடைசியில வாசப்படி ஓரமா மாமியார் நாற்காலி. எல்லாம் அவ போட்ட அளவு, இம்மி பிசகல. படியில இறங்குறப்போ சாமி மாடத்துக் கீழ் பலகையைப் பாத்தா. அந்த ரகசிய அறையில என்னாத்தை வைக்கப் போறாங்கன்னு அப்பதான் உறைச்சுது. பாஸ்போர்ட் கையில இருக்கிற மருமக ஒரு நாள் காலையில தனியா ஏரோப்ளேன் ஏறிட்டா என்னா பண்றது? அதுக்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தா பாஸ்போர்ட் இல்ல.

"கல்யாணத்தைப் பதியறதுக்குக் கான்சுலேட்ல கேப்பாங்களாம். கார்குழலி வாங்கிட்டுப் போனாங்க"ன்னாங்க மிரேய், தலையைத் தூக்காம. கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

"மமோன்! என்னைக் கேக்கலையே!"

"கேட்டா நீ என்னா சொல்லுவ? லியோனுக்குப் போறேன்ம்ப. நீ உங்க அண்ணன்கிட்ட ரகசியமா பேசறது எனக்குத் தெரியாதாடி?" மிரேய் கீரையைக் கீழ போட்டாங்க. "ரெண்டு பேரை அனுப்பிட்டேன். உன்னையும் அனுப்பிட்டு இந்த வீட்டுல நான் சுவத்தோட பேசவா? முத்தியால்பேட்டைன்னா கூப்பிட்டா ஓடி வருவ. எனக்கு ஒரு காய்ச்சல்னா கஞ்சி வெச்சுக் குடுப்ப. இதுல என்னா தப்பு, சொல்லு!"

"அந்த ரூம்ல ஜன்னல்கூட இல்ல மமோன்."

"நீதான வரைஞ்ச?"

அம்மா கோவத்துல திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருக்கலாம். அவங்க அழுதாங்க. அழுதுக்கிட்டே ராத்திரிச் சோத்தை ஒதுக்கி வெச்சாங்க, அடுத்த நாளும் ஒதுக்கி வெச்சாங்க. பாஸ்போர்ட் தொலைஞ்சுதுன்னு எழுதிக் குடுத்தா வேற வாங்கலாம்தான். பட்டினி கிடக்கற அம்மாவை எங்க போய் எழுதிக் குடுக்கறது? மூணாம் நாள் லெத்திசியா, "சரி, சாப்பிடு"ன்னா. அந்த ஒரு வார்த்தையில ஆயிரம் வேலை நடந்துச்சு. மாடிக்குப் பால் காய்ச்சற அன்னைக்கே பூவும் வெச்சிடலாம்னு பேசி முடிச்சிட்டாங்க.

நடுவுல காலேஜ்ல ஜூரி வந்துச்சு. வெளியூர்லேருந்து பெரிய டிசைனர் ஒருத்தர் வந்து எல்லார் புராஜெக்ட்டையும் பாத்து மார்க் போடணும். லெத்திசியா அட்டையில செஞ்ச குட்டி வீட்டை மேசையில வெச்சா. எப்பவோ மனப்பாடம் பண்ணினதை ஒப்பிச்சா: "குடும்ப ஒற்றுமைக்காக ஒரே நுழைவு சார்."

அவர் மாடிக் கூரையைத் தூக்கிட்டு உள்ள பாத்தார். "நல்லா பண்ணியிருக்கம்மா. ஒரு சந்தேகம். கீழ ஹால்ல தீப்பிடிச்சுதுன்னா மாடியில இருக்கிற பொண்ணு எப்படி வெளிய வருவா?"

லெத்திசியா அந்த அட்டை வீட்டைப் பாத்துக்கிட்டே சொன்னா:

"வர முடியாது சார்."

கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க. ஜோக் அடிக்கறான்னு நினைச்சுட்டாங்க பாவிங்க. அவ வகுப்பு சார் பதறிப்போய், வீட்டுக்காரங்க அப்படித்தான் கேட்டாங்க, அவங்க பிடிவாதம்னு எடுத்துச் சொன்னார். கடைசியில வகுப்புலயே அவளுக்குத்தான் மார்க் அதிகம். கூடப் படிக்கிறவங்க ட்ரீட் கேட்டாங்க. பாத்ரூமுக்குப் போய்த் தண்ணியைத் திறந்து விட்டுட்டு அவ அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும்.

பால் காய்ச்சற நாள் வந்துச்சு. ஸ்கூட்டர்ல அம்மாவைப் பின்னாடி உக்கார வெச்சு அவதான் ஓட்டிக்கிட்டுப் போனா. ஹால் முழுக்கப் பாய் விரிச்சுச் சொந்தக்காரங்க. வாசப்படி ஓரத்து நாற்காலியில மிரேயை மரியாதையா உக்கார வெச்சாங்க. ஹரிகிருஷ்ணன் பட்டு வேட்டியில போனை இடுப்புல சொருகிக்கிட்டு நின்னான். கார்குழலி வந்து லெத்திசியா தலையில மல்லிப்பூவை நீளமா வெச்சு, நெத்தியில குங்குமம் வெச்சாங்க.

"சாமி மாடத்துல விளக்கேத்து கண்ணு."

மண்டி போட்டா. விளக்கு ஏத்தினா. கண்ணுக்கு நேரா தாமரை வரிசை. ஓரத்துப் பூ. அந்தப் பூவை எத்தனை தடவை வரைஞ்சிருப்பா! கை தானா அதுமேல போச்சு. அமுக்கினா. டக்குன்னு பலகை திறந்துச்சு. உள்ள ஒரு மஞ்சள் துணியில சுத்தி அவ பாஸ்போர்ட். எடுத்தா, எழுந்தா.

"ஏய், என்னா பண்ற!" அன்னைக்குத்தான் கார்குழலி குரல் உசந்து எல்லாரும் கேட்டாங்க.

"என்னோடது ஆன்ட்டி. எடுத்துக்கறேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

சொல்லிட்டா. இனி வெளிய போகணும். போறதுக்கு எத்தனை வழி? ஒண்ணுதான். அத்தனை பேர் நடுவுல, அத்தனை கண்ணுக்கும் நடுவுல. வெளிப்படி இருந்தா இந்நேரம் தெருவுல இருப்பா. அவளே அழிச்சது, அவளே நடந்துதான ஆகணும்? பாய்ல இருந்தவங்க காலை மடக்கிக்கிட்டாங்க. ஒருத்தி "திமிரைப் பாரு"ன்னா. ஹரிகிருஷ்ணன் வாயைத் திறந்துக்கிட்டு நின்னான். இவ யாரையும் பாக்காம நடந்தா. நாற்காலிகிட்ட வந்து நின்னா. மிரேய் எழுந்து வாசப்படிக்குக் குறுக்க நின்னுட்டாங்க.

சொந்த அம்மாவைத் தள்ளிட்டா போக முடியும்?

"நீயும் அண்ணனுங்க மாதிரி அந்த டேப்லெட்டுக்குள்ள போயிடுவியா?"ன்னு கேட்டாங்க மிரேய். "உன்னைப் பாத்தும் நான் கையாட்டிக்கிட்டே உக்காந்திருக்கணுமா?"

இல்லன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா வழி விட்டிருப்பாங்க. லெத்திசியாவுக்கு அது வரல. பாஸ்போர்ட்டை அம்மா கையில வெச்சா.

"போவேன் மமோன். போகணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா இதை ஒளிச்சு எடுத்துக்கிட்டுப் போக மாட்டேன். நீ வெச்சுக்க. இடம் கிடைச்சா உன்கிட்டதான் வந்து கேப்பேன். நீதான் குடுக்கணும். மாடியில போய் அந்த ரூமை மட்டும் ஒரு தடவை பாரு. பாத்துட்டு இருன்னு சொல்லு, நான் அதுல இருக்கறேன்."

மிரேய் பாஸ்போர்ட்டைப் பாத்தாங்க. ஹாலைத் தாண்டி அந்தப் படியைப் பாத்தாங்க. மேல பகல்லயே இருட்டா இருந்துச்சு. ஏறிப் போய்ப் பாப்பாங்கன்னு எல்லாரும் நினைச்சாங்க. போகல.

மக தலைக்குப் பின்னாடி கையைக் குடுத்தாங்க. ஊசியைக் கழட்டி, மல்லிப்பூவைப் பிய்யாம எடுத்தாங்க. கண்ணுல தண்ணி கொட்டுச்சு, தொடைக்கல. பூவைக் கொண்டுபோய்க் கார்குழலி கையில குடுத்து, "மன்னிச்சுக்கோ கார்குழலி. பொண்ணு குடுக்கறதுக்கு இல்ல"ன்னாங்க.

கார்குழலி என்னென்னமோ பேசினாங்க. அதையெல்லாம் இங்க சொல்லி என்னா ஆகப் போகுது?

வெளிய வெயில் மண்டையைப் பொளந்துச்சு. லெத்திசியா ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணினா. மிரேய் பின்னாடி ஏறி, பாஸ்போர்ட்டைக் கைப்பையில போட்டு ஜிப்பை இழுத்து மூடினாங்க. அப்புறம் மக இடுப்பை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. வண்டி தெருமுனை திரும்புச்சு.

"மெதுவா போடி"ன்னாங்க.

"மெதுவாத்தான மமோன் போறேன்."

"இன்னும் மெதுவா."

பின்னாடி ஆட்டோக்காரன் ஒருத்தன் ஹாரன் அடிச்சே காதைக் கிழிச்சான். லெத்திசியா வேகம் கூட்டல. வீடு வர்ற வரைக்கும் உருட்டிக்கிட்டேதான் போனா.