பச்சைக் கொடியில் நடந்த கல்யாணம்

எங்கள் ரயிலின் முதலாளிகள் இன்னும் லண்டனில்தான் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் போய் முப்பது வருஷமாகிறது. இந்தப் பருத்திக்காட்டுத் தண்டவாளத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறான். வண்டிக்கு இருப்பது ஒரே கார்டு, புண்டலிக். அவன் கல்யாணத்துக்கே லீவு கிடைக்கவில்லை. தலைப்பாகையும் நெற்றியில் முத்துச்சரமுமாக, ஆளில்லாத ஒவ்வொரு ரயில்வே கேட்டிலும் இறங்கி, மூடி, வண்டி தாண்டியதும் திறந்துவிட்டு, ஓடிவந்து ஏறினான் பாவம்.

பெண்ணின் ஊரில் பதினொன்று நாற்பதுக்குள் முகூர்த்தம். தப்பினால் மளிகைக்கடைக்காரன் மகனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிடுவேன் என்று மாமனார் ஆனந்தராவ் கறாராகச் சொல்லியிருந்தார். எங்கள் வண்டியை நம்பாத மனுஷன், பெண்ணையும் புரோகிதரையும் சொந்தக்காரர்களையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு பாதிவழிக் கேட்டுக்கே வந்துவிட்டார்.

"என்ன டிரைவரே, நடந்தே வந்திருக்கலாமே!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "வந்துட்டோம்ல? ஆக வேண்டியதைப் பாருங்க!" என்று எஞ்சினை விட்டு இறங்காமலே கத்தினேன்.

கடைசிப் பெட்டியான கார்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே சடங்கு. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே பிடிக்கிற துணியை வீட்டிலேயே மறந்துவிட்டார்கள். புண்டலிக்கின் சிவப்புக் கொடியில் ஒரு பெரிய ஓட்டை, முகம் தெரிந்துவிடும்.

"அப்போ பச்சையைப் பிடிங்க" என்றார் புரோகிதர்.

மந்திரம் முடிந்தது. துணியை விலக்கினார்கள். இருபத்திரண்டு வருஷப் பழக்கமய்யா! பச்சை அசைந்ததும் என் கை தானாகப் பிடியை இழுத்தது. வண்டி கிளம்பிவிட்டது.

மாலை இரண்டும் கார்டு பெட்டிக்குள் இருந்தன.

"ஐயோ, மாலை!" என்று புண்டலிக் ஓடிவந்தான். மணப்பெண் சேவந்தா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அவனையும் முந்தினாள். தாவி ஏறி, அவன் கையைப் பிடித்து இழுத்துப்போட்டு, மாலையை எடுத்து அவன் கழுத்தில் போட்டாள். அவனும் மூச்சிரைக்க அவளுக்குப் போட்டான். முகூர்த்தம் முடிய இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது.

"வண்டியை நிறுத்துய்யா!" என்று பின்னால் ஆனந்தராவ் அலறினார்.

"கார்டு சிவப்புக் காட்டலையே!" என்றேன். ரூல் என்றால் ரூல்தான்.

சேவந்தா தலையை வெளியே நீட்டினாள். "அப்பா, ஏன் கத்துறீங்க? அடுத்த கேட்டுக்கு நடந்து வாங்க. எங்களுக்கு முன்னாடியே போயிருவீங்க!"

எனக்கு மானம் போனது. ஆனால் அவள் சொன்னபடியே ஆயிற்று. அடுத்த கேட்டை நாங்கள் எட்டியபோது ஆனந்தராவ் அதை மூடிப் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார்.

"மாப்பிள்ளை, நீங்க இறங்காதீங்க" என்றார். "நானே திறந்து விட்டுக்கறேன்."