ரோபோவுக்கு வைத்த பொட்டு

சென்னம்மாளுக்கு அன்று தேர்வு. பேனா பிடிக்கிற தேர்வு இல்லை. அஸ்தம்பட்டிப் பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் நிற்கும் ரோபோ கையை ஓட்டிக் காட்ட வேண்டும். அந்தக் கை கேமராவால் முட்டைகளைப் பார்க்கும். சுத்தமானதை வலப்பக்க அட்டையிலும், கறை பட்டதை இடப்பக்க அட்டையிலும் அடுக்கும். தேறினால் நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக் கம்பெனியில் ஆப்பரேட்டர் வேலை. தேறாவிட்டால் நாமகிரிப்பேட்டையில் நாத்தனாரின் மஞ்சள் மண்டிக்கே திரும்பித் தும்மிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். "நாப்பது வயசுல அண்ணிக்குக் காலேஜு கேக்குது" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த நாத்தனார் அப்போது சும்மா இருப்பாளா? நினைத்தாலே சென்னம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால் காலையில் முதல் ஆளாக வந்து ஒரு காரியம் செய்தாள். புருசன் காளியப்பன் போர்வெல் போடுகிற ரிக் லாரி ஓட்டுகிறவர். சந்தனம், குங்குமம் வைக்காமல் அந்த வண்டி ஒருநாளும் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. இந்தக் கை மட்டும் என்ன பாவம் செய்தது? கேமராதான் கண் என்றால் அதற்கு மேலே இருப்பது நெற்றிதானே! பன்னீரில் தாராளமாகக் குழைத்த சந்தனத்தை அங்கே அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள்.

முட்டைக் கம்பெனி எஞ்சினியர் சௌந்தர்யா தேர்வு வைக்க வந்தாள். சென்னம்மாள் பச்சைப் பொத்தானை அமுக்க, கை ஓடத் தொடங்கியது. முதல் முட்டையை எடுத்தது, இடப்பக்கம் வைத்தது. இரண்டாவதும் இடப்பக்கம். பால் மாதிரி வெளுத்த முட்டைகளை எல்லாம் அது கறை என்று ஒதுக்கியது. பயிற்சியாளர் மதியழகன் கம்ப்யூட்டரில் எதையெதையோ தட்டிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

கூடப் படிக்கும் சூரமங்கலத்து சேவியர்ராஜ் குனிந்து பார்த்தான்.

"அக்கா, அது அழுவுது பாருங்க. கண்ணுல செவப்பா வழியுது."

சென்னம்மாள் ஓரடி முன்னே வந்தாள். "நாந்தானுங்க மேடம். காத்தால பொட்டு வெச்சனுங்க" என்றாள்.

சேவியர்ராஜ் துணியால் கேமராக் கண்ணாடியைத் துடைத்தான். பன்னீர்ச் சந்தனம் மறுபடி வழிந்தது. சரி, பொட்டையே எடுத்துவிடலாம் என்று துணியை மேலே கொண்டுபோனான்.

"ஐயோ, கையை எடு சாமி! வெச்ச பொட்டை அழிக்கறதா? எங்க ஊட்டுக்காரரு ஒடிசாவுல வண்டி ஓட்டிட்டிருக்காருங்க!"

அவன் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். சௌந்தர்யா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

அடப் பாவமே, ஒரு பக்கம் புருசன், ஒரு பக்கம் மஞ்சள் மண்டி! சென்னம்மாள் சிவப்புப் பொத்தானை அமுக்கிக் கையை நிறுத்தினாள். பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தாள். கேமராவுக்கு எட்டாத தூரத்தில், கையைத் தாங்கும் கீழ்த் தூணில், புதிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

"அழிக்கலீங்க சாமி, இடந்தான் மாத்தறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மேலே இருந்ததைச் சுத்தமாகத் துடைத்தாள். பச்சைப் பொத்தானை அமுக்கினாள். முதல் முட்டை வலப்பக்கம் போனது. அடுத்ததும் வலப்பக்கம். சேவியர்ராஜ் கை தட்டினான்.

சௌந்தர்யா சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்துக் கம்பெனியைக் கூப்பிட்டாள்.

"பிரபா, ஆயுத பூசையில இருந்து நம்ம மிசின் நல்ல முட்டையை எல்லாம் கழிச்சுத் தள்ளுதில்ல? கோயமுத்தூர்ல இருந்து ஆள் வந்து பாத்தும் சரியாகலையே. அந்தக் கேமராவைக் கிட்டப் போயிப் பாரு."

கைபேசியில் பிரபாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"குங்குமம் காஞ்சு ஒட்டியிருக்குதுங்க மேடம். தொடைச்சுப் போடட்டுங்களா?"

"தொட்டுராதீங்க கண்ணு!" என்று சென்னம்மாள் கைபேசியைப் பார்த்துக் கத்தினாள். "மொதல்ல வேற எடத்துல ஒண்ணு வைக்கோணும்!"

இப்போது சௌந்தர்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ தொட மாட்டா. திங்கக்கிழமை வேலைக்கு வர்றப்ப நீங்களே இடம் மாத்திருங்க" என்றாள்.

சென்னம்மாள் சிமிழைத் திறந்து பார்த்தாள். பாதிதான் இருந்தது.

"உங்ககிட்ட மொத்தம் எத்தனை மிசினுங்க மேடம்?" என்று கேட்டாள்.