ஒரு மைக்கில் இரண்டு பேர்

யட்டியாந்தோட்டைப் பக்கம் 'கலா–சுஜி' ஜோடிக்குச் சுவரொட்டியே தேவையில்லை. அக்கா விஜயகலாவும் தங்கை சுஜீதாவும் மேடையேறாமல் எந்தத் தேயிலைத் தோட்டத்திலும் சாமி ஊர்வலம் கிளம்பாது என்பார்கள். சாமிக்கு அப்படியென்ன அவசரம்!

மேடையில் ஒரே மைக்தான். அக்கா ஒரு வரி பாடிவிட்டு அரையடி பின்வாங்குவாள். தங்கை முன்னால் வந்து அடுத்த வரியைப் பிடிப்பாள். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். முதல் வரி மட்டும் எப்போதும் அக்காவுக்கு.

"ஒரு பாட்டையாவது முழுசா நானே பாடணும்" என்று சொல்லிவிட்டு, போன ஆடித் திருவிழாவோடு சுஜீதா விலகிக்கொண்டாள். "ஒத்தக் கை தட்டுனா ஓசை வருமா?" என்று கடைத்தெரு சிரித்தது. அக்கா சிரிக்கவுமில்லை, அதன்பிறகு பேசவுமில்லை. அதுதான் சுஜீதாவை அரித்தது.

சுஜீதாவின் தனி ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்தவர் பஜாரில் ஃபோன் கடை வைத்திருக்கும் ரிப்கான். கடைக்கு மேல் அறையில் முதல் நாளே அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, வரி முடியக்குள்ள ஏன் பின்னுக்குப் போறீங்க? கடைசிச் சொல்லெல்லாம் காணாமப் போகுதே!"

"நான் எங்கண்ணே போறேன்?"

"சரி, இன்னொருக்கா பாடுங்க."

மறுபடியும் போனாள். ஆளே இல்லாத இடத்தில் அக்காவுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தாள், பைத்தியக்காரி. கடைசியில் ரிப்கான் அவள் முதுகை ஒட்டி ஒரு மேசையை இழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் வரிகள் இடைவெளியில்லாமல் முழுசாக வந்தன.

ஆல்பம் வெளியானதும் பாராட்டு குவிந்தது. ஊர் பாராட்டி என்ன? அக்கா வாயால் ஒரு வார்த்தை கேட்காமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரோஷத்தை விட்டுவிட்டு, இரண்டு லய வரிசை வீடுகள் தள்ளியிருந்த அக்கா வீட்டுக்குப் போனாள்.

விஜயகலா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். "வாடி" என்றாள். அவ்வளவுதான்.

"ஒருக்கா கேளுக்கா. நல்லா இல்லேன்னா திட்டு."

ஃபோனில் பாட்டு ஆரம்பித்தது. முதல் வரி முடியும் நேரம் விஜயகலா தன்னையறியாமல் அரையடி முன்னால் வந்தாள். மூச்சை இழுத்து வாயையும் திறந்தாள். தங்கையின் குரல் நிற்கவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டது. விஜயகலா வாயை மூடிக்கொண்டாள். இன்னொரு முறையும் அப்படியே வந்தாள். பிறகு வரவில்லை; அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுஜீதா ஃபோனைக் கையிலெடுத்தாள். பாட்டை நிறுத்தப் போனாள்.

"ஓடட்டும்டி" என்றாள் அக்கா, திரும்பாமலே. "நல்லாத்தான் பாடியிருக்க. நெசமாத்தான் சொல்றேன்."

கேட்க வந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான். அது கிடைத்ததும் சுஜீதா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.