நீலக் குளத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி

கிழக்குக் கடல் இன்னும் வெளுக்கவில்லை. அதற்குள் சுன்ரே கசிவு அறைத் தொட்டியை ஒருமுறை வடித்து முடித்து, மறுபடியும் கைப்பம்பைப் பிடித்திருந்தாள். வெள்ளை உடுப்புக்குள் வியர்வை முதுகில் கோடிட்டு ஓடியது. இரட்டைக் கையுறைக்குள் விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. பம்பின் கைப்பிடி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தோள்பட்டை கடுத்தது.

குளம் அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது. அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் கட்டுகள் அதன் அடியில் சூடு அடங்காமல் நிற்கின்றன. தண்ணீர்தான் அவற்றைக் குளிர்விக்கிறது, அவற்றின் கதிர் மேலே வராமல் மறிப்பதும் அந்தத் தண்ணீர்தான். குளத்தின் எஃகுத் தகட்டில் எங்காவது ஊசிக்கண் அளவு திறந்தாலும் நீர் தகட்டின் பின்புறமாக இறங்கி இந்தத் தொட்டிக்கு வந்துவிடும். போன கோடையில் தொட்டியின் அடி ஈரமானாலே எல்லோரும் அதைப் பற்றிப் பேசினார்கள். இப்போது அவள் முதுகை நிமிர்த்தி மூச்சு வாங்குவதற்குள் நீர் கணுக்காலைத் தாண்டி ஏறிவிடுகிறது.

மேலே வந்தபோது குளத்தின் வாசலில் தோக்சு நின்றிருந்தான். பளுதூக்கி இயக்குபவன். இருவரும் ஒருவர் உடுப்பை ஒருவர் தடவிப் பார்த்தார்கள். குளத்துக்குள் எதுவும் விழக்கூடாது. திருப்புளி, கைவிளக்கு, கண்ணாடி என எல்லாவற்றையும் கயிற்றில் கட்டி இடுப்பில் முடிந்திருக்க வேண்டும்.

"கட்டியாச்சா அக்கா?"

"கட்டியாச்சு. உனக்கு?"

"எனக்குக் கை பழகிப்போச்சு. நேத்து வீட்டுல சாப்பிடறப்போ கரண்டியையும் சேர்த்துக் கட்டிட்டேன். மாமியார் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாங்க."

சுன்ரேக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னைக்கும் தண்ணி ஏறுது தோக்சு. நேத்தைவிட வேகமா."

தோக்சு குளத்தின் ஓரத்தைப் பார்த்தான். புதிய இரும்பு அடுக்குகள் அங்கே பளபளத்துக்கொண்டு காத்திருந்தன. பழைய அடுக்குகளுக்குள் இடமில்லை, எரிந்த கட்டுகளைக் கொண்டுபோய் வைக்க நாட்டில் வேறு இடமும் இல்லை. அதனால் இதே குளத்தில் அவற்றை நெருக்கி அடுக்கப்போகிறார்கள். முதல் அடுக்கு இன்று இறங்குகிறது.

"இது இறங்கிடுச்சுன்னா தரை மறைஞ்சிடும் அக்கா. எங்க ஒழுகுதுன்னு அப்புறம் எவனும் குனிஞ்சு பார்க்க முடியாது. நம்ம ஆயுசு முடியுற வரைக்கும்."

"தெரியும்டா. அதனாலதான் தூக்கமே வரமாட்டேங்குது."

வருடக் கடைசியில் ஒப்பந்தம் மாறும். மின்நிலையம் ஒருவனிடமிருந்து வேலையை வாங்கி இன்னொருவனிடம் கொடுக்கும். ஆட்கள் அதே ஆட்கள்தான். முதுகில் புதுப் பெயர் அச்சிட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, நேற்றுத்தான் வந்து சேர்ந்தவர்களைப் போல முதலிலிருந்து தொடங்குவார்கள். சுன்ரேயின் வீட்டு அலமாரியில் பச்சை, சாம்பல், ஆரஞ்சு என்று பழைய சட்டைகள் தொங்கின. குளத்தின் அடியில் இருப்பவை மட்டும் எந்தச் சட்டையும் மாற்றாமல் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒப்பந்தக்காரன் பெயர் மறந்து, தன் பெயரும் மறந்துபோன பிறகும் அவை அங்கே சூடாகவே இருக்கும் என்று சில நேரம் அவளுக்குத் தோன்றும். அன்று யார் இந்தப் பம்பை அடிப்பார்கள்?

ஒப்பந்தக்காரர் பியோ உள்ளே வந்தார். வெள்ளை உடுப்பு அவர் வயிற்றில் இறுக்கிப் பிடித்திருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தார். வாசலில் சுன்ரே ஒரு கயிற்றை நீட்டினாள்.

"கண்ணாடியைக் கட்டிக்குங்க முதலாளி."

"நான் என்ன பால்வாடிக் குழந்தையா? தள்ளு."

"முதலாளி, தொட்டி மறுபடியும்..."

"ஆரம்பிச்சிட்டியா? சுவர் வேர்க்குதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"இந்தக் குளிர்ல எந்தச் சுவர் வேர்க்கும்? குளத்துத் தண்ணி அது. அடுக்கு இறங்கறதுக்கு முன்னால ஒருதடவை தரையைப் பாருங்க."

"தரையைப் பார்க்க வேலையை நிறுத்தணும். நிறுத்தினா அடுத்த வருஷ ஒப்பந்தம் என் கையில இருக்காது. உன் வேலையும்தான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "மியோங்கில் கதை ஞாபகம் இருக்குல்ல?"

யாருக்கு மறக்கும்? மியோங்கில் பன்னிரண்டு குளிர்காலம் இந்தக் குளத்தருகே வேலை பார்த்தவர். அவர் கைமடிப்பிலிருந்து ஒரு சின்னத் திருகாணி வளையம் நழுவிக் குளத்தில் விழுந்தது. அவரே போய்ச் சொன்னார். அன்றே அவரை வெளியே அனுப்பினார்கள். இப்போது மின்நிலைய வாசலுக்கு எதிரே வண்டி போட்டு மீன்மாவுக் கட்டிகள் போட்ட சூப் விற்கிறார்.

பியோ கம்பித் தடுப்பில் சாய்ந்து, "இறக்கு" என்று கையசைத்தார். தோக்சு விசையைத் தொட்டான். பளுதூக்கி முனகியது. அடுக்கு எங்கே உட்காரப்போகிறது என்று பார்க்க அவர் இன்னும் குனிந்தார்.

கண்ணாடி நெற்றியிலிருந்து நழுவியது.

சத்தமே இல்லை. அது நீரில் பக்கவாட்டில் அசைந்து, திரும்பி, ஆழத்தின் நீல ஒளிக்குள் இறங்கியது. இறங்க இறங்க அழகாகிக்கொண்டே போனது. கடைசியில் எரிபொருள் கட்டுகளின் தலைமேல் போய் உட்கார்ந்தது, யாரோ படித்துவிட்டுக் கழற்றி வைத்ததைப் போல.

தோக்சு விசையிலிருந்து கையை எடுத்தான். அடுக்கு அந்தரத்தில் நின்றது.

"ஏன்டா நிறுத்தினே?"

"கண்ணாடி விழுந்திருக்கு முதலாளி."

"விழுந்தா? அப்புறம் எடுத்துக்கலாம். இறக்கு."

"எது விழுந்தாலும் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லணும். எடுக்கற வரைக்கும் எதுவும் நகரக்கூடாது. நீங்க போட்ட சட்டம்தானே?"

பியோ சுற்றிலும் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் கண்கள் சிறுத்து, எதையோ தேடுபவரைப் போல இருந்தார். "யார் பார்த்தா? யாரும் பார்க்கலை. சரியா? அடுத்த வருஷம் உங்க ரெண்டு பேருக்கும் வேலை உறுதி. என் வாய்ச் சொல்."

"வளையம் விழுந்தப்போ மியோங்கில் அண்ணனுக்கு இந்த வாய்ச் சொல் கிடைக்கலையே" என்றாள் சுன்ரே.

"நீங்களும் வாசல்ல நின்னு சூப் விக்கணுமா?"

"அண்ணனோட சூப் நல்லாத்தான் இருக்கு முதலாளி" என்றான் தோக்சு.

வாசலில் அடுத்த ஷிப்டுக்கான ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். இடுப்பில் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. முன்னால் நின்ற ஒக்பூன், சுன்ரேயோடு பல வருடம் சட்டை மாற்றியவள், உள்ளே வந்து கம்பி ஓரமாக எட்டிப் பார்த்தாள்.

"அது என்னடி, மூக்குக்கண்ணாடியா?"

"ஆமா. முதலாளியோடது."

"அடப் பாவமே. கட்டலையா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு சட்டென அடங்கியது. சுவரில் சிவப்புத் தொலைபேசி இருந்தது. அதற்கும் சுன்ரேக்கும் நடுவே பியோ நின்றார்.

"நாங்க வேலையை விட்டுப் போகப் போறதில்லை" என்றாள் சுன்ரே. "போகவும் முடியாது. நாங்க கையெடுத்தா இந்தத் தண்ணியை யார் பார்ப்பா? பம்பு அடிப்போம். குளத்துல குறையற தண்ணியை ஊத்துவோம். ஆனா அடுக்கை இறக்க மாட்டோம். தரையைப் பார்க்கற வரைக்கும்."

"உன்னை விட்டா ஆளில்லையா? இவங்க இறக்குவாங்க." பியோ ஒக்பூன் பக்கம் திரும்பினார்.

அவளுக்கும் வீடு இருந்தது, கடன் இருந்தது, வருடக் கடைசி என்கிற பயமும் இருந்தது. பிறகு தன் இடுப்புக் கயிற்றை ஒருமுறை இழுத்து இறுக்கினாள்.

"அந்தத் தொட்டியில நேத்து ராத்திரி நானும் பம்பு அடிச்சேன் முதலாளி. சுவர் வேர்க்கலை."

அவள் நகர்ந்து போய்த் தோக்சுவின் அருகே நின்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். பியோவை யாரும் தொடவில்லை, தள்ளவில்லை. தொலைபேசிக்கு வழிவிட வேண்டியவர் அவர்தான் என்பதுபோல எல்லோரும் அவரையே பார்த்து நின்றார்கள். அவர் விலகினார்.

சுன்ரே கையுறையைக் கழற்றாமலே தொலைபேசியை எடுத்தாள். குளத்தில் கண்ணாடி விழுந்ததைச் சொன்னாள். அதே மூச்சில் கசிவைப் பற்றியும் சொன்னாள். மறுமுனையில் ஒரு இளம் குரல் தடுமாறியது.

"பொருள் விழுந்ததைப் பதிஞ்சுக்கறேன். எதையும் நகர்த்தாதீங்க, ஆள் அனுப்பறோம். கசிவு எங்க பிரிவு இல்லையே... அதுக்கு வேற பிரிவு..."

"அப்போ அவங்களையும் வரச் சொல்லுங்க. நாங்க இங்கேயே நிக்கறோம்."

"யாரு பேசறது? ஒப்பந்தக்காரரா?"

அவள் ஒரு நொடி குளத்தைப் பார்த்தாள். நீலம் அசையாமல் கிடந்தது. கீழே, எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில், நீர் இப்போதும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

"இல்லை. நான் சுன்ரே. தொட்டியில பம்பு அடிக்கறவ."

தோக்சு கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினான். "நான் தோக்சு. பளுதூக்கி ஓட்டறவன்" என்றான். அவனிடமிருந்து ஒக்பூன் வாங்கித் தன் பெயரைச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் அடுத்த கை காத்திருந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. தொலைபேசியின் சுருள் கம்பி இழுபட்டு நீண்டுகொண்டே போனது.

சுன்ரே கசிவு அறைப் படிகளில் இறங்கினாள். தொட்டி நிறைந்திருக்கும்.