கார்டு போயிடும்

சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் வாசலில் வரிசையாகக் காலை நீட்ட, யமுனா அண்டாவிலிருந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். கடைசியாக வந்தவன் தம்பி ரமணா. அவனும் மனைவி சுமித்ராவும் அமெரிக்காவிலிருந்து வந்து சேரும்வரை அப்பா கன்னையாவை இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். காலைக் கழுவிக்கொண்டே, புத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னான்.

"அக்கா, புதன்கெழம சுமித்ரா கூட அம்மாவ அனுப்பிடறேன். நான் இருந்து கருமாதிய முடிச்சிட்டு வரேன்."

"கருமாதிக்கு அம்மா இல்லாமயா?"

"கிரீன் கார்டு இருக்குதில்ல அக்கா. வருசத்துக்கு மேல இங்கியே இருந்துட்டா கார்டு போயிடும். வருசம் முடியப்போவுது."

யமுனா சொம்பை அண்டாவுக்குள் வீசினாள். தெறித்த தண்ணீர் அவன் வேட்டியை நனைத்தது.

அந்தக் கார்டின் பெயரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ரமணா அந்த நாட்டுக் குடிமகனாகி, பெருமையோடு பெற்றவர்களுக்கும் கார்டு வாங்கிக் கொடுத்தான். அன்றோடு கன்னையாவின் நிம்மதி போனது. நாற்று விட்ட நேரமா, கரும்பு வெட்டுகிற நேரமா என்றெல்லாம் கார்டு பார்க்காது. வருஷம் திரும்புவதற்குள் விமானம் ஏறிப் போய், அங்கே சில மாதம் அடைந்து கிடந்துவிட்டு வரவேண்டும். ஜாமீனில் வந்தவன் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிற கதைதான். அங்கே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், "ஜன்னல் கீது" என்பார். போன தடவை கால் வீங்கி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். வேண்டாம்டா என்று யமுனா போனில் கத்தியதற்கு, "கார்டு போயிடும்க்கா" என்றான். இப்போது கார்டு பத்திரமாக இருக்கிறது, ஆள்தான் போய்விட்டார்.

உள்ளேயிருந்து அம்சவேணி அத்தை வந்தாள். கன்னையாவின் தங்கை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தாலி அறுத்தவள். அவள் குரலுக்குத் தெருவே நின்றுவிடும்.

"இன்னாடா பேசற நீ? புருசன் கருமாதியப்ப பொண்டாட்டி ஏரோப்ளேன்ல போய்க்கினு இருப்பாளா? பூ வெச்சி, கை நெறைய வளையல் போட்டு, எல்லாத்தையும் ஒடைச்சித் தாலி வாங்கணும். செய்யாம உட்டா எங்கண்ணன் ஆத்துமா எப்டிடா கரையேறும்?"

அத்தையோடு யமுனாவுக்கு எந்தக் காலத்திலும் ஒத்துப்போனதில்லை. அன்றைக்கு மட்டும் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "அனுப்ப முடியாது. உன்னால ஆனதப் பாத்துக்கோ" என்றாள் தம்பியிடம். ரமணா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

மத்தியானம் சோறு யாருக்கும் இறங்கவில்லை. அடுக்களையில் பாத்திரத்தை எடுத்து வைக்கும்போதுதான் யமுனாவுக்குச் சட்டென்று உறைத்தது. போன தடவை அப்பாவும் அம்மாவும் திரும்பியபோது அழைத்துவரச் சென்னை விமான நிலையத்துக்குப் போனவள் அவள்தான். திரும்பும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி கன்னையா ரோட்டோரத்தில் மாம்பழம் வாங்கினார். கை கழுவாமல் அம்மாவின் அறைக்குப் போனாள். ரமணாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

"மாங்கா சீசன்லதானடா வந்தாங்க? இப்பதான் பொரட்டாசி. அதுக்குள்ள எங்கடா வருசம் முடியுது? எதுக்குடா பொய் சொல்ற?"

ரமணா அம்மாவைப் பார்த்தான். சுவரில் சாய்ந்திருந்த ரத்னம்மா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"நான்தான் சொல்லச் சொன்னேன்."

"ஏம்மா?"

"அம்சவேணிக்கு வளையல் ஒடைச்சித் தாலி வாங்கினப்ப ஒரு கைய நான்தான் புடிச்சிக்கினேன். உட்டுடுங்க அண்ணின்னு கெஞ்சினா. நான் உடல. அவ திமிறினது இன்னும் இந்தக் கையிலியே கீது."

"வேணாம்னு சொல்லிட்டுப் போயேன். யார் இன்னா பண்ணிடுவாங்க?"

"நீ இந்த ஊர்லதான வாயணும்? உம் பொண்ணுக்கு இங்கதான மாப்ள பாக்கணும்? கார்டுன்னா வாய மூடிக்குவாங்க. அது கவருமெண்டு சமாச்சாரம்." ரத்னம்மா கழுத்துச் சரட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அங்க போயி நானே கயட்டி வெச்சிக்கறேன். உங்க நைனாக்கு அந்தக் கார்டால ஒரு நாளும் சொகமில்ல. எனக்காவது ஒதவட்டும்."

யமுனாவுக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவனை நினைத்துத் தன் வீட்டில் பத்து நாள் அழ முடியாமல் ஒருத்தி கடல் தாண்டி ஓடவேண்டியிருக்கிறது. அதற்கும் ஒரு பொய் வேண்டியிருக்கிறது. தம்பியைத் திட்ட வந்தவள், அம்மாவின் பெட்டியை இழுத்துப் புடவைகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

புதன்கிழமை காலையில் கார் வந்தது. ரமணா பெட்டிகளை ஏற்றினான். சுமித்ரா முன்னால் உட்கார்ந்தாள். ரத்னம்மா பின் இருக்கையில் ஏறி, வளையல் போட்ட கைகள் இரண்டையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி நின்று முணுமுணுத்தார்கள். அம்சவேணி யமுனாவின் முன்னால் வந்து நின்றாள்.

"அன்னிக்கி அந்தக் குதி குதிச்சியே. இப்ப சொல்லுடி உங்கம்மாவுக்கு."

எல்லோரும் யமுனாவையே பார்த்தார்கள்.

"கார்டு போயிடும் அத்தை" என்றாள் யமுனா.

அம்சவேணி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு காருக்குள், முந்தானை மூடிய கைகளைப் பார்த்தாள். பேசியபோது அவள் குரல் தெருவுக்குக் கேட்கவில்லை.

"எனக்குத்தான் ஒருத்தரும் கார்டு வாங்கித் தரல."

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். பின்கதவு சரியாக மூடாமல் இருந்தது. அம்சவேணி தன் வெறுங்கையால் அதை ஓங்கி அடித்துச் சாத்தினாள்.