நீர் வடியும் நேரம்

விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். கடற்கழியில் மிதக்கும் வலைக்கூண்டுகளின் விளிம்பில் நின்று, செத்து மிதக்கும் மீன்களைக் கைவலையால் அள்ள வேண்டும். இடுப்பு விட்டுப்போகும். விரல் வெடிப்புகளில் உப்பு ஏறி எரியும். பிறகு மீன்களின் உடலில் ஒட்டும் பேனைக் கொல்லும் மருந்தை ஊற்ற வேண்டும். அதுவும் கழி நீர் கடலுக்கு வடியும் நேரம் பார்த்து. அப்போதுதான் மருந்து கூண்டில் தங்காமல் வெளியே போய்விடும். வெளியே என்றால் எங்கே என்று முதலாளிக்குக் கவலையில்லை.

அன்று கூண்டில் வேலை செய்யும் தங்கை மருந்துப் பீப்பாயை உருட்டி வந்தபோது, அண்ணனின் படகு கூண்டருகே வந்து நின்றது. கழியின் முகத்துவாரத்தில் நண்டு பிடித்துப் பிழைப்பவன் அவன். நண்டுக்கூடையைத் தூக்கிக் காட்டினான். எல்லாம் செத்துக் கிடந்தன, முட்டை சுமந்த தாய் நண்டுகள்கூட.

"படகை விக்கப்போறேன்மா. பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போறோம். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"இந்த மருந்தாலயாண்ணா?"

"வடியுற தண்ணி எங்க பக்கம்தானே வருது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ ஊத்துவியா? ஊத்தலன்னா உன் அடுப்பு எரியுமா?"

தங்கை வீட்டு அடுப்புக்காகத் தன் வயிற்றைக் காயப்போட்டு வாய்மூடி இருந்திருக்கிறான், பாவி மனிதன்! அவள் பீப்பாயை நிமிர்த்தி வைத்துவிட்டு அழுதாள்.

விசைப்படகில் முதலாளி வந்தார். "என்ன, பாசமா? தண்ணி இறங்குது, ஊத்துங்க."

"ஊத்த மாட்டேன் ஐயா. கூண்டுல மீனைக் குறைங்க. நெருக்கியடிச்சு விடுறதாலதான் பேன் பிடிக்குது."

"எனக்கே பாடமா? கடல் என்ன உங்க அப்பன் சொத்தா?"

"இல்லீங்க. உங்க அப்பன் சொத்தும் இல்லையே."

"வேற ஆளை வச்சு ஊத்துறேன் பாரு!"

கூட வேலை செய்யும் பெரியக்கா, பெயருக்கேற்ற உடம்புக்காரி, பீப்பாய் மேல் ஏறி உட்கார்ந்தாள். "வரட்டும். நான் உக்காந்தா கிரேன் வந்தாலும் அசைக்க முடியாது."

யாரோ சிரித்தார்கள். மற்ற வேலையாட்களின் கைவலைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. எல்லோரும் பீப்பாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதலாளி போனில் ஆட்களைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

"நீ போண்ணா, உனக்கெதுக்கு வம்பு?" என்றாள் தங்கை.

அண்ணன் போகவில்லை. துண்டை வீசி முகத்துவாரத்துப் படகுகளைக் கூப்பிட்டான். தன் படகைக் கூண்டில் கட்டிவிட்டு மேலே ஏறினான்.

"நண்டு திரும்ப வருமாண்ணா?"

"தெரியலம்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கொஞ்சம் நகந்து உக்காரு. நம்ம ஆளுங்க வர்றாங்க."