பற்று உண்டா?

சங்கிலிப்பாண்டியின் உயிருக்கு விலை ஒரு மலை. பேசி முடித்தது அவர் மனைவி அங்கம்மாள். பேசிய இடம் எறணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தா. உள்ளே அவருடைய இருதயத்துக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள், "சதுரகிரி மகாலிங்கம், இந்த மனுசனை எந்திரிச்சு உக்கார வெச்சிரு. காலுக்குக் கல்லு தெரிய நடந்து உன் மலைக்கு ஏறி வாரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மட்டாஞ்சேரி பசார் ரோட்டில் காலமெல்லாம் சுக்குத் தரகு பார்த்தவர் சங்கிலிப்பாண்டி. பிழைத்து எழுந்ததும் அவருக்கு வந்த முதல் வருத்தமே இதுதான்.

"எதிராளி வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே முழு விலையைச் சொல்லலாமாடீ? பாதி மலைக்கே முடிஞ்சிருக்கும்."

"உங்க மூஞ்சிக்கு அவரு அடிவாரம்கூடக் கேட்டிருக்க மாட்டாரு. நானாப் பாத்து மதிப்பா ஏத்திச் சொன்னேன்."

தை அமாவாசைக்கு வெறுங்காலோடு போனாள். ஏறத் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே, ஓடையைத் தாண்டும் இடத்தில் ஈரப் பாறை காலை வாரிவிட்டது. கணுக்கால் பிசகி, இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு இறங்கி வந்தாள். கட்டுப் பிரித்த டாக்டர், "போகலாம், ஆனா இதே எடம் இன்னொரு தடவை பிசகினா அப்புறம் மலையைப் போட்டோவில்தான் பார்க்கணும்" என்று சொல்லி அனுப்பினார். கால் தேறியது, பயம் தேறவில்லை. அதற்குப் பிறகு குளியலறை வாசலில் நின்றுகொண்டு, "தரையில பற்று இல்ல, பாத்து வாங்க" என்று வீட்டில் எல்லோரையும் மிரட்டுவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. தரையில் கால் வழுக்காமல் நிற்பதற்கு அவள் வைத்திருந்த பெயர் பற்று.

சித்திரைப் பௌர்ணமி நெருங்கியது. மகள் ஸாதனா தன் மலையேற்ற பூட்ஸைக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு சுள்ளிக்கல் சந்தில் நடந்து பார்த்த அங்கம்மாள் சாக்கடை மூடியிருந்த சிலாப்பிலேயே தடுமாறினாள்.

"கால்ல கட்டையைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு. கீழ கல்லா மண்ணான்னே தெரியல. கல்லு தெரிய வாரேன்னு சொல்லிட்டு இதைப் போட்டுட்டுப் போனா சாமி சிரிக்கும்."

இங்கேதான் தரகர் மூளை வேலை செய்தது. "கல்லு தெரியன்னுதானே சொன்ன? செருப்பு இல்லாமன்னு சொன்னியா?"

அங்கம்மாள் யோசித்தாள். "அப்படிச் சொல்லலையே."

"அப்ப முடிஞ்சது. கல்லும் தெரியணும், காலும் நிக்கணும். அப்படி ஒரு சரக்கு இருக்கான்னு பாரு ஸாதனா."

இருந்தது. "அடி மெலிசா இருக்கும்மா. முன்பக்கம் அகலமா, விரல் விரிய எடம் உண்டு. வெறுங்கால்ல நடக்குற மாதிரிதான். பழக்கம் இல்லாதவங்களுக்குக் கெண்டைக்கால் வலிக்கும், கொஞ்சம் கொஞ்சமா நடந்து பழகணும். நீதான் வீட்ல செருப்பே போடுறதில்லையே, உனக்குச் சீக்கிரம் சரியாகும். வாங்கும்போது ரெண்டா மடக்கிப் பாரு, மடங்கணும். அடியில பல்லு நல்லா ஆழமா இருக்கணும். எறங்கும்போது விரல் முட்டக் கூடாது, முன்னாடி ஒரு பெருவிரல் அகலம் விட்டு வாங்கு." கலூர் ஸ்டேடியம் பக்கம் ஒரு கடையையும் சொன்னாள்.

மட்டாஞ்சேரியிலிருந்து வாட்டர் மெட்ரோ படகில் போனார்கள். தூரத்தில் வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தபோது, அங்கம்மாள் புருஷன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"கடையில நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"நானா? எதுக்கு?"

"நீங்க பேசுனா விலை குறையும். விலை குறைஞ்சா சரக்கு மாறும். போன தடவை குக்கர் வாங்கினோமே, விசில் தனியா, குக்கர் தனியா. இது என் காலு. பேசுனீங்க, நான் வெறுங்காலோடயே போயிருவேன்."

சங்கிலிப்பாண்டி சத்தியம் செய்தார். கடையில் மூலையில் கிடந்த முக்காலியில், வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கடைக்காரி ஷைலஜா நாற்பது வயசுக்காரி, சிரித்த முகம், தமிழ்க்காரர்களிடம் தமிழ் கலந்தே பேசுவாள். அங்கம்மாள் மகள் சொன்னபடியே மடக்கினாள், விரலை விட்டு அளந்தாள். முதல் ஜோடி மடங்கவில்லை. இரண்டாவது மடங்கியது, ஆனால் முனை கூர்மை. சுண்டு விரல் சண்டைக்கு வந்தது. மூன்றாவது சாம்பல் நிறத்தில் துணி மாதிரி லேசாக இருந்தது. உள்ளே விட்டதும் அஞ்சு விரலும் அதது இடத்தில் பரவி உட்கார்ந்தன. அவள் முகம் மலர்ந்ததை முக்காலியிலிருந்து அவர் பார்த்தார். ஆஸ்பத்திரியில் மாஸ்க்குக்கு மேலே தெரிந்த அவள் கண்களுக்குப் பிறகு, இந்த முகத்தை இவ்வளவு நிதானமாக அவர் பார்த்தே வெகுநாளாகியிருந்தது.

"விலை?"

"மூவாயிரத்து இருநூறு சேச்சி."

அங்கம்மாள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி மிச்சம் இருந்தது. "இதுக்குப் பற்று உண்டா?"

ஷைலஜா கையெடுத்துக் கும்பிடாத குறை. "அய்யோ, பற்றொண்ணும் இல்ல கேட்டோ சேச்சி. இவிடெ ஆருக்கும் பற்று இல்ல."

அங்கம்மாள் முகம் வாடிவிட்டது. ஷூவைக் கழற்றத் தொடங்கினாள். "பற்று இல்லாம எனக்கு எதுக்கும்மா?"

"சேச்சிக்கு இது அத்ர இஷ்டமாயோ? ரெண்டாயிரத்து எண்ணூறுக்குத் தராம். பற்று மாத்ரம் சோதிக்கல்லே, கேக்காதீங்க."

"எண்ணூறுக்குக் குடுத்தாலும் பற்று இல்லாம வேண்டாம்."

முக்காலியில் சங்கிலிப்பாண்டிக்குப் புல்லரித்தது. பற்று என்றால் கடன். மலையாளத்தான் சாயாக்கடையிலும் அதே பற்று, அவர் சுக்குக் கிட்டங்கியிலும் அதே பற்று. தராத கடனைக் கேட்டுக் கேட்டு, மறுக்க மறுக்க விலையை உருட்டிக் கீழே கொண்டுவருகிறாளே! பசார் ரோட்டில் அவருக்குத் தெரிந்த எந்தக் கொம்பனும் இந்த வழியைக் கண்டுபிடிக்கவில்லை. இத்தனை வருஷம் இவளைச் சமையல்கட்டில் வைத்து வீணாக்கிவிட்டோமே என்று நொந்தார்.

"கடைசியா ஒண்ணு சொல்றேன் சேச்சி. ரெண்டாயிரத்து இருநூறு. எனக்கு வந்த விலை. பட்சே பற்று இல்ல."

அங்கம்மாள் தன் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள். சங்கிலிப்பாண்டி சந்தோஷம் தாங்காமல் பின்னாலேயே ஓடினார். கடையிலிருந்து இறங்கி நடப்பதும் வித்தைதான். கூப்பிடுவார்கள் என்று தெரிந்துதான் இறங்குவது.

"பலே! இன்னும் இருநூறு எறங்கும். திரும்பிப் பாக்காத!"

அவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"என்ன எறங்கும்? பாவம், அந்தப் பொண்ணு மறைக்காமச் சொல்லுது. மூணு தடவை கேட்டுட்டேன், பற்று இல்லைங்குது. காலுக்கு அப்படிப் பொருந்துச்சுங்க. வழுக்குமாமே. போகட்டும், நான் வெறுங்காலோடயே ஏறிக்கிறேன். விழுந்தா விழுறேன்."

சங்கிலிப்பாண்டிக்கு அப்போதுதான் குளியலறை வாசல் காதில் கேட்டது. தரையில பற்று இல்ல, பாத்து வாங்க. தினமும் கேட்டதுதான். ஆனால் கடை என்று வந்துவிட்டால் அந்தக் காதுக்குக் கடன் மட்டும்தான் கேட்கும். இவள் மலையில் விழுவதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தான் முக்காலியில் உட்கார்ந்து இறங்கிய ரூபாயை எண்ணிக்கொண்டிருந்ததை நினைத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அவரைப் போன்றவருக்கு அது அபூர்வமான சரக்கு.

அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். சத்தியத்தை உடைத்தார்.

"மோளே, இவ கேட்டது கடன் இல்ல. கிரிப். பாறையில கால் நிக்குமான்னு கேட்டா."

ஷைலஜா ஒரு நிமிஷம் விழித்தாள். அப்புறம் கல்லாப்பெட்டி மேல் கவிழ்ந்து சிரித்தாள். "என்றே ஈஸ்வரா! கிரிப்போ? அதல்லே இதின்றே மெயின்!" ஷூவைக் கவிழ்த்து அடியைக் காட்டினாள். கறுப்பு ரப்பரில் பல் பல்லாக வெட்டு. நகத்தால் அழுத்தினால் அமுங்கி எழுந்தது. "ரப்பர் கட்டியா இருந்தா ஈரத்துல வழுக்கும் சேச்சி. இது ஸாஃப்ட்டு. கொஞ்சம் சீக்கிரம் தேயும், அது உள்ளதுதான். வாசலுக்கு வரணும், நின்னு பாக்கலாம்."

கடை வாசலில் சாய்வாக ஒரு கிரானைட் மேடை. ஷைலஜா வாளித் தண்ணீரை அதில் கவிழ்த்தாள். அங்கம்மாள் ஏறினாள். நின்றாள். இறங்குவதற்கு முன் புருஷனைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் நீட்டியபடி தயாராக நின்றார். கை தேவைப்படவில்லை. மேடையடியில் கிடந்த ஜல்லிக்கல் ஒன்றின் மேல் காலை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"கல்லு தெரியுதுங்க," என்றாள்.

சங்கிலிப்பாண்டி பணத்தை எடுத்தார். "மூவாயிரத்து இருநூறு. ஒரு ரூபா குறைச்சாலும் எடுக்க மாட்டேன்."

"அது பற்றில்லா சேட்டா, முடியாது. ரெண்டாயிரத்து இருநூறுன்னு வாக்கு பறஞ்சு போயி."

"தப்பான வார்த்தைக்கு எறங்கின விலை செல்லாது."

"எறங்கினது எறங்கினது!"

அவர் ஏற்ற, ஷைலஜா இறக்க, வாசலில் சாயா குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கிளாஸோடு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சங்கிலிப்பாண்டி விட்டுக்கொடுப்பதாக இல்லை. குறைத்து வாங்கிய ஆயிரம் ரூபாய் பையில் இருக்க, அடிவாரத்தில் உட்கார்ந்து இவள் திரும்பி வருவதை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தன்னால் முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை எந்த பாஷையில் அந்தப் பெண்ணிடம் சொல்வது? கடைசியில் அங்கம்மாள்தான் நடுவில் புகுந்து, "ரெண்டாயிரத்து எழுநூறு. ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்று முடித்தாள்.

சித்திரைப் பௌர்ணமியன்று அவள் தன் நாத்தனார் மாயம்மாளோடு ஏறினாள். சங்கிலிப்பாண்டிக்கு ஏற டாக்டர் அனுமதி இல்லை. அடிவாரத்து மரநிழலில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். போனில் சிக்னல் இல்லை. இறங்கி வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரையாவது தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தால் எழுந்து நின்றார். அவள் இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்தார். வெயில் தாழ்ந்தபோது, செம்மண் அப்பிய ஒரு ஜோடி சாம்பல் ஷூ, யார் தோளிலும் தொங்காமல், தானே நடந்து வந்தது.

"அதே ஓடைதாங்க," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "அதே பாறை. ஈரம். காலை வெச்சேன். நின்னுச்சு." அவர் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டு, "உங்க கணக்கு முடிஞ்சது போங்க" என்றாள்.

ராத்திரி பஸ்ஸில் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவர் வழக்கம்போல அன்றைய கணக்கைப் பார்த்தார். மலைக்குக் கொடுக்க வேண்டியது ஒன்று; கொடுத்தாயிற்று, நேர். ஷைலஜாவுக்கு ஐநூறு பாக்கி. நல்ல சுக்கு ஒரு கிலோ கொண்டுபோய்க் கொடுத்தால் அதுவும் நேர், அவள் மறுத்தால் மறுபடி சண்டை போட்டுக்கொள்ளலாம். அங்கம்மாள் பெயரில்: வரவு, உயிர் ஒன்று. பற்று, ஷூ ஒரு ஜோடி, ரூபாய் இரண்டாயிரத்து எழுநூறு. நாளையிலிருந்து காலைச் சாயா அவர் போடுவது வட்டிக்கு. முதல் அப்படியே பாக்கி.